கோடி ரூபாய் வீரர் ஒருவர் போதுமா? கோரிப்பாளையம் டீக்கடையில் ஒரு கபடி வழக்கு!

மாலை 6 மணி. மதுரை கோரிப்பாளையம்.

தர்காவுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். அரசு ஆஸ்பத்திரியில் இருந்து தூக்குச்சட்டியுடன் வருகிறவர்கள் ஒரு பக்கம். கல்லூரி விட்டு வரும் மாணவர்கள் ஒரு பக்கம். இத்தனை சந்தடிக்கும் நடுவே ஒரு டீக்கடை வாசலில் பலத்த வாக்குவாதம்!

தேர்தல் பேச்சா? இல்லை. சினிமாப் பேச்சா? அதுவும் இல்லை.

கபடி!

"தமிழ் தலைவாஸ் அணிக்கு அடுத்த ஏலத்தில் யாரை எடுப்பது?" இதுதான் வழக்கு.

2025 அக்டோபர் 31ந் தேதி டெல்லியில் புரோ கபடி இறுதி ஆட்டம் நடந்தது. டெல்லி அணி 31 புள்ளி. புனே அணி 28 புள்ளி. டெல்லி கோப்பையை எடுத்துக்கொண்டது. முதல் 8 இடங்களைப் பிடித்த அணிகளில் நம் தமிழ் தலைவாஸ் இல்லை. அந்த வருத்தம்தான் டீக்கடையில் கொதித்தது.

ஓர் ஆட்டோ டிரைவர் சொன்னார்: "பெரிய ரைடர் ஒருத்தர் வேணும்ணே. அவர் உள்ளே போனா எதிராளி நடுங்கணும். பணத்தைப் பார்க்கக் கூடாது."

ஒரு கல்லூரி மாணவர் மறுத்தார்: "ரைடருக்கே காசைக் கொட்டினா, பிடிக்கிறது யாருண்ணே?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சடுகுடு ஆடியவர். அவர் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டும் இருக்கட்டும் தம்பி. தமிழ்னு பேரு வச்சிருக்காங்களே, அதுல நம்ம புள்ளைக எத்தனை பேரு?"

மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வதில் நியாயம் அதிகம்? கணக்கைப் பார்ப்போம்.

அது என்ன ஏலம்?

சடுகுடு நமக்குப் புதிது அல்ல. கோவில் திருவிழா என்றால் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கபடி உண்டு. அந்த மண் விளையாட்டு 2014ல் மெத்தை விரிப்புக்கு ஏறியது. "புரோ கபடி லீக்" என்ற பெயரில் பெரிய போட்டி தொடங்கியது. 2017ல் தமிழ்நாட்டுக்கு என்று ஓர் அணி வந்தது. அதுதான் தமிழ் தலைவாஸ். கிரிக்கெட் வீரர் சச்சின் தெண்டுல்கர் அதில் ஒரு பங்குதாரராகச் சேர்ந்தார். நடிகர் கமலஹாசன் விளம்பரத் தூதர் ஆனார்.

இந்தப் போட்டியில் 12 அணிகள். வீரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். யார் அதிக விலை சொல்கிறார்களோ, அவர்களுக்கு அந்த வீரர்.

ஆனால் பணக்கார முதலாளி இஷ்டம் போல் அள்ளிவிட முடியாது. 2025 ஏலத்தில் ஓர் அணி செலவு செய்யக்கூடிய தொகை 5 கோடி ரூபாய். அதற்கு மேல் ஒரு காசு கூடாது. பழைய வீரர்களில் சிலரை அணியிலேயே வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய சம்பளமும் இந்த 5 கோடிக்குள்தான்.

அந்தப் பணத்தில் குறைந்தது 18 பேரைச் சேர்க்க வேண்டும்.

வீட்டுக் கணக்குப் போல் போட்டுப் பாருங்கள். 5 கோடியை 18 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 28 லட்சம். ஒரே ஆளுக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்துவிட்டால்? மீதி 17 பேருக்கும் இருப்பது 2 கோடியே 85 லட்சம். ஆளுக்குச் சுமார் 17 லட்சம்!

தீபாவளிப் போனஸில் பாதியைக் கொடுத்து ஒரே ஒரு பட்டுப் புடவை வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும்? புடவை நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்குத் துணி?

ஆகவே, "பணத்தைப் பார்க்கக் கூடாது" என்ற ஆட்டோ டிரைவரின் யோசனை இங்கே செல்லாது. பணத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பெயர் பெரிது, இடம் கடைசி!

தமிழ் தலைவாஸ் அணியின் ஜாதகத்தைப் புரட்டுவோம்.

2017ல் முதல் ஆட்டம். இந்திய அணியில் புகழ் பெற்ற ரைடர் அஜய் தாக்கூர் தலைமை. அந்தப் பிரிவில் கடைசி இடம். 2018லும் தன் பிரிவில் கடைசி இடம்.

2019ல் நிர்வாகம் துணிந்து இறங்கியது. அதுவரை இந்தப் போட்டியில் புள்ளிகளைக் குவித்து வந்த ராகுல் சவுத்ரியை 94 லட்சம் கொடுத்து எடுத்தது. அஜய் தாக்கூர் ஏற்கெனவே இருந்தார். பிடிப்பதில் பெயர் பெற்ற மன்ஜீத் சில்லரும் இருந்தார். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அதைவிடப் பெரிய அணி கிடையாது. ரசிகர்கள் கோப்பையைக் கனவு கண்டார்கள்.

நடந்தது என்ன? 22 ஆட்டங்களில் 4 வெற்றி. 12 அணிகளில் 12வது இடம்!

அதே ஆண்டு தெலுங்கு டைட்டன்ஸ் அணி 1 கோடியே 45 லட்சம் கொடுத்து சித்தார்த் தேசாயை எடுத்தது. அந்த ஆண்டில் அதுதான் பெரிய விலை. அந்த அணிக்குக் கிடைத்தது 11வது இடம்.

ஒரு முழங்காலும் ஒரு புதுப் பையனும்

அடுத்து 2022ம் ஆண்டுக் கதை. டீக்கடையில் இதைத்தான் இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டன.

அதற்கு முந்திய ஆட்டத்தில் தலைவாஸ் 11வது இடம். ஆனால் அந்த அணியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பிடிப்பவர்கள் நன்றாகப் பிடித்தார்கள். கார்னரில் நின்ற சாகர் ரதி மட்டும் 82 புள்ளி எடுத்தார். பாடிப் போய்ப் புள்ளி கொண்டுவர ஆள் போதவில்லை. அதுதான் குறை.

நிர்வாகம் குறையைச் சரியாகக் கண்டுபிடித்தது. பவன் செராவத்தை எடுத்தது. அவர் சாதாரண ஆள் அல்ல. 2019 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் தனி ஒருவராக 22 புள்ளி எடுத்து பெங்களூர் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பிறகு 2023ல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கும் தலைவர்.

விலை? 2 கோடியே 26 லட்சம்! அணியின் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல்!

2022 அக்டோபர் 8ந் தேதி முதல் ஆட்டம். குஜராத் அணியுடன். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் பவனுக்கு முழங்காலில் பலத்த அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை.

ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "முடிந்தது கதை" என்றார்கள்.

கதை முடியவில்லை. அங்கேதான் தொடங்கியது!

நரேந்தர் கண்டோலா என்று ஓர் இளைஞர். அதுவரை இந்தப் போட்டியில் ஆடாதவர். பாரம் அவர் தோளில் விழுந்தது. அவர் பாடிப் போய் 243 புள்ளி எடுத்தார். கார்னரில் சாகர் ரதியும் சாகிலும் முன்பே பழகிய ஜோடி. அவர்கள் பிடித்தார்கள். நடுவில் பயிற்சியாளரும் மாறினார். அஷன் குமார் வந்தார். அணி 5வது இடம் பிடித்தது. உத்தரப்பிரதேச அணியைத் தோற்கடித்து அரை இறுதிக்குப் போனது. அங்கே புனே அணியிடம் 2 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

2017 முதல் 2025 வரை தலைவாஸ் அரை இறுதியைப் பார்த்தது அந்த ஒரே தடவைதான். கோடி ரூபாய் வீரர் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஆண்டு அது!

ஏன் இப்படி?

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கபடியின் சட்டத்திலேயே விடை இருக்கிறது.

ஒரு பக்கம் 7 பேர். ஒருவர் பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போகிறார். அவர்தான் ரைடர். அவருக்கு 30 வினாடி. ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் புள்ளி. பிடிபட்டால் எதிராளிக்குப் புள்ளி.

பிடிபட்ட ரைடர் என்ன ஆகிறார்? வெளியே போய் உட்கார வேண்டும். 20 ஆயிரம் ரூபாய் வாங்கினாலும் அதுதான். 2 கோடி ரூபாய் வாங்கினாலும் அதுதான்.

அவர் மறுபடி உள்ளே வருவது எப்படி? அவருடைய அணியில் மீதி இருப்பவர்கள் யாரையாவது பிடிக்க வேண்டும். அல்லது தொட்டுவிட்டு வர வேண்டும். ஓர் ஆளை வெளியேற்றினால் இங்கே ஓர் ஆள் உள்ளே வரலாம். போனஸ் கோட்டைத் தொட்டு எடுக்கும் புள்ளிக்கு இந்தச் சலுகை கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெரிய ரைடரை வாங்கினோம். அவர் பிடிபட்டார். கார்னரில் நிற்பவர்கள் சோடை. யாரையும் பிடிக்க முடியவில்லை. நம் 2 கோடி என்ன செய்யும்? வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்!

ரைடர் வீட்டுக்குச் சம்பாதிக்கிறவர் என்றால், பிடிக்கிறவர் வீட்டைக் கட்டிக் காக்கிறவர். இவர் காக்காவிட்டால் அவர் சம்பாதிக்க வெளியே போகவே முடியாது.

பிடிப்பதும் தனி ஆள் வேலை அல்ல. கார்னரில் நிற்பவர் காலைப் பிடிக்கப் பாய்வார். பக்கத்தில் கவரில் நிற்பவர் அதே கணத்தில் வந்து மோத வேண்டும். ஒரு மூச்சு பிந்தினால் ரைடர் தப்பிவிடுவார். இந்தப் பழக்கம் ஏல மேடையில் கிடைக்காது. இரண்டு மூன்று ஆண்டு சேர்ந்து ஆடினால்தான் வரும்.

இதைக் கேட்டதும் பெஞ்சுப் பெரியவர் சிரித்தார். "மாட்டுச் சந்தையில இதத்தான் சொல்லுவாக. ஒத்தக் காளைய விலைக்கு வாங்கலாம். ஜோடிய பழக்கித்தான் ஆகணும்" என்றார்.

எதிர்க்கட்சி வாதம்

ஆட்டோ டிரைவர் விடுவதாக இல்லை. "அப்ப ஈரான்காரரைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி!

ஈரான் நாட்டு வீரர் முகமது ரேசா ஷாத்லூ. பிடிப்பதில் புலி. 2023 ஏலத்தில் புனே அணி அவருக்கு 2 கோடியே 35 லட்சம் கொடுத்தது. புனே கோப்பையை வென்றது. 2024 ஏலத்தில் அரியானா அணி 2 கோடியே 7 லட்சம் கொடுத்தது. அரியானா கோப்பையை வென்றது!

அப்படியானால் பெரிய விலை கொடுப்பது சரிதானே?

கொஞ்சம் பொறுங்கள். புனே அணியில் அஸ்லாம் இனாம்தார், மோகித் கோயத் போன்ற இளைஞர்கள் முன்பே சேர்ந்து ஆடிப் பழகியிருந்தார்கள். அந்த அணி 2022லேயே இறுதி ஆட்டம் வரை போன அணி. அரியானாவும் அப்படித்தான். ஷாத்லூ வருவதற்கு முந்திய ஆட்டத்தில் இறுதி வரை போய்த் தோற்றிருந்தது. இரண்டு இடத்திலும் சுவர் எழும்பியிருந்தது. கூரை போட ஓர் உத்தரம் வேண்டியிருந்தது. அதைத்தான் வாங்கினார்கள்.

அதே ஷாத்லூவை 2025ல் குஜராத் அணி 2 கோடியே 23 லட்சத்துக்கு எடுத்தது. முதல் 8 இடத்தில் குஜராத் இல்லை!

2023 ஏலத்தில் இன்னொரு கதையும் நடந்தது. காயம் ஆறிய பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. அதுவரை யாரும் கொடுக்காத விலை. கிடைத்தது 12வது இடம்.

ஆகவே பெரிய விலை கொடுப்பது பாவம் அல்ல. சுவர் இல்லாத வீட்டுக்கு உத்தரம் வாங்குவதுதான் தவறு.

திரும்பத் திரும்ப ரைடர்!

2022 பாடத்தைத் தலைவாஸ் நிர்வாகம் படித்ததா?

2024 ஏலத்தில் சச்சின் தன்வார் என்ற ரைடரை 2 கோடியே 15 லட்சம் கொடுத்து எடுத்தது. அந்த ஏலத்திலேயே பெரிய விலை அதுதான். கிடைத்தது 9வது இடம்.

2025ல் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. இவரும் ரைடர். 2022ல் ஜெய்ப்பூர் கோப்பை வென்றபோது புள்ளிகளைக் குவித்தவர். கூடவே பவன் செராவத்தை 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மறுபடி எடுத்தது. அவருக்கே தலைமைப் பதவி. ஆட்டம் நடந்துகொண்டிருந்த செப்டம்பர் மாதத்தில், ஒழுங்கு காரணமாகப் பவனை அனுப்பிவிட்டதாக நிர்வாகம் அறிவித்தது. தன் மீது தவறு இல்லை என்று பவன் மறுத்தார். யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். தலைவரை நம்பிப் போட்ட திட்டம் நடு வழியில் நின்றது என்பது மட்டும் நிச்சயம்.

பயிற்சியாளர்களும் நிலைக்கவில்லை. 2023ல் அஷன் குமார். 2024ல் உதயகுமாரும் சேரலாதனும். 2025ல் சஞ்சீவ் பலியான். ஒவ்வொருவரும் திறமைசாலிகள்தான். ஆனால் உலை கொதிக்கும்போது சமையல்காரர் மாறிக்கொண்டே இருந்தால், உப்புப் போட்டது யார் என்று யாருக்குத் தெரியும்?

"2022ல நடுவுல கோச் மாறித்தானே செமி பைனல் போனோம்?" என்று ஆட்டோ டிரைவர் குறுக்கே கேட்டார். உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு பிடிக்கிறவர்கள் முன்பே சேர்ந்து பழகியிருந்தார்கள். அதையும் கவனிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் எங்கே?

கடைசியாகப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இந்த அணியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் ஆள் இல்லையா? இருக்கிறார்கள்! தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்து கணேசன், 1994ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அர்ஜுனா விருது பெற்றார். 2025ல் வந்த "பைசன்" படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் 2016ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேசும் தங்கம் வென்றார்கள். தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது.

ஆனால் வெளியூர் அணி நம்மவரைக் கண்டுகொண்டதும் உண்டு. கே.பிரபஞ்சன் 2017ல் தலைவாஸ் அணியில் நன்றாக ஆடினார். 2018ல் குஜராத் அணிக்குப் போனார். அந்த ஆண்டு குஜராத் இறுதி ஆட்டத்துக்குப் போனது. தலைவாஸ் கடைசி இடத்தில் நின்றது. பிறகு 2021ல் அவரைத் தலைவாஸ் விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது!

இந்தப் பேச்சு நடக்கும்போது, எதிரே இட்லிக்கடை போடும் ஓர் அம்மாள் பால் வாங்க வந்தார். அவர் மகனும் கபடி ஆடுகிறானாம். சமயநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் ராத்திரி ஆட்டத்துக்குப் போவானாம்.

"போன வாரம் ஜெயிச்சு ஆட்டுக்கிடா கொண்டாந்தான். முட்டியில காயத்தோட வந்தான். மருந்துக்கு ஆயிரம் ரூவா ஆச்சு. இவங்க கோடிங்கிறாங்க. அதுக்கு வழி எப்படின்னு யாராச்சும் சொன்னாத் தேவலையே அண்ணே" என்றார்.

டீக்கடை ஒரு நிமிடம் அடங்கிப் போயிற்று.

வழி இருக்கிறது. ஆனால் படி உயரம். ஊர் ஆட்டம் மண்ணில். பெரிய ஆட்டம் மெத்தை விரிப்பில், காலில் ஷூ போட்டு. மண்ணில் பழகிய கால் விரிப்பில் வழுக்கும். ஆகவே பையன் முதலில் விரிப்பில் பழக வேண்டும். பள்ளி, கல்லூரி அணிகளில் ஆட வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கபடி உண்டு. அங்கே மாவட்டத்துக்கு ஆடலாம். பிறகு மாநில அணி. அங்கே ஆடினால்தான் ஏலக்காரர் கண்ணில் படுவான். ஏலத்தில் விலை போகாவிட்டாலும் நஷ்டம் இல்லை. விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியிலும் அரசு வேலையிலும் ஒதுக்கீடு கேட்கலாம்.

அந்த அம்மாளுக்கு இதைச் சொன்னோம். அவர், "அப்ப மொதல்ல அவனைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போகச் சொல்றேன்" என்றார். சரியான தீர்ப்பு!

முடிவு என்ன?

பெரிய ரைடர் வேண்டும் என்றவர் சொல்வதில் ஆசை இருக்கிறது. பிடிப்பவர் வேண்டும் என்றவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் வேண்டும் என்றவர் சொல்வதில் வருங்காலம் இருக்கிறது.

2017 முதல் 2025 வரை நடந்ததைப் பார்த்தால் கணக்கின் பக்கமே சாட்சி அதிகம். முதலில் பிடிக்கிற ஜோடியை அமைத்து, கலைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பயிற்சியாளருக்கு மூன்று ஆண்டாவது அவகாசம் தர வேண்டும். இளம் வீரர்களை, அதிலும் தமிழ்நாட்டுப் பையன்களை, விலை ஏறுவதற்கு முன்பே எடுத்துப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகு பணம் மிஞ்சினால் பெரிய பெயரைத் தேடிப் போகலாம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஆட்டோ டிரைவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரிண்ணே. கார்னருக்கு ரெண்டு நல்ல ஆளா எடுக்கட்டும்" என்றார். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்:

"அப்படியே ஒரு பெரிய ரைடரும்!"